ஃபுல் எயிட்டில் வந்தவள்

நான் அமெரிக்காவில் படித்ததற்கு வீட்டிலிருந்து போன செலவு விமான டிக்கெட்டும் இரண்டு சூட்கேஸும்தான். மிச்சத்தை டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது. 1996இல் எங்கள் பக்கம் இதற்கு ‘ஃபுல் எயிட்’ என்று பெயர். பாளையங்கோட்டையில் சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். “பிள்ளைக்கு அமெரிக்காக்காரனே பணம் கட்டுதானாம்” என்று அம்மா சொல்ல, நான் அடக்கமாக இருப்பதுபோல் பக்கத்தில் நின்றிருப்பேன். அதே மாதிரி ஓர் உதவி 2023இல் எங்கள் ஊர்ப் பெண் இன்னொருத்திக்கு வந்தது. வேண்டாம் என்று அவள் பதில் எழுதிவிட்டாள். எழுதச் சொன்னது நான்.

முதலில் என் எயிட்டின் கதை. “கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்பா?” என்று தாத்தா கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் அது சம்பளம். ஒரு பேராசிரியர் ஆராய்ச்சித் திட்டம் எழுதி, தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) மாதிரி ஓர் அமைப்பிடம் பணம் வாங்குவார். அதில் ஒரு பங்கை மாணவர்களுக்கென்று ஒதுக்குவார். வாரம் 20 மணி நேரம் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்தால் ஆர்ஏ. இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுத்து, விடைத்தாள் திருத்தினால் டிஏ. இரண்டிலும் கல்விக்கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் கைக்குப் பணம். அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்டிக்குச் சேருகிறவர்களுக்கு இது ஏறக்குறைய வழக்கம். எம்எஸ் மட்டும் படிக்க வருகிறவர்களுக்கு அபூர்வம்.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கல்லூரி சீனியர் ஒருவர். “எம்எஸ்னு போடாத. பிஎச்டின்னு போடு. அப்பதான் எயிட் வரும். போய்ப் பிடிக்கலைன்னா எம்எஸ் வாங்கிட்டு வெளிய வந்திரலாம்” என்றார். போட்டேன், வந்தது. எனக்குக் கிடைத்தது மூளைக்காக என்று ஊர் நம்பியது. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன் என்பதுதான் பெரிய காரணம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆய்வகத்தின் உயிர்நாடி ஒரு ஸ்பட்டரிங் எந்திரம். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஓர் எஃகு அறைக்குள் உலோகத்தை அணு அணுவாகத் தெறிக்கவைத்து மெல்லிய படலமாகப் படியவிடுவது அதன் வேலை. எங்கேயோ கசிவு, வெற்றிடம் நிற்கவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியத்தை லேசாகப் பீய்ச்சி, கசிவுமானியின் முள் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் எண்ணெய் வாடை சட்டையை விட்டுப் போகாது. அந்தக் கசிவைக் கண்டுபிடிப்பதுதான் என் பொறுப்பாக இருந்த சமயத்தில், 1998இல், சிலிக்கன் வேலியில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. சம்பளம், அதற்குமேல் ஸ்டாக் ஆப்ஷன். போய் வந்தேன், வேலை கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டில் எதுவரை எழுதியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தது கொஞ்சம்தான். இரண்டு வருஷம் என் கட்டணத்தையும் சோற்றையும் பார்த்துக்கொண்ட பணத்துக்கு, கசிகிற ஓர் எந்திரத்தையும் பாதி நோட்டையும் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சட்டப்படி இதில் தப்பு ஒன்றுமில்லை. ‘மாஸ்டர் அவுட்’ என்று சர்வசாதாரணமாகப் பேர்வைத்துச் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் செய்ததுதான். ஆனால் செய்ததைச் செய்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எம்எஸ் முடிச்சதும் கூப்பிட்டு வேலை குடுத்துட்டாங்க” என்று வீட்டில் சொன்னேன். ரெஸ்யூமேயில் எம்எஸ், 1998. பிஎச்டி என்ற சொல்லே அதில் கிடையாது. பிறகு யாராவது பிஎச்டி பற்றிப் பேச்செடுத்தால், “அதெல்லாம் வேஸ்ட், இங்க யாரு மதிக்கா” என்று முந்திக்கொண்டு சொல்லும் பழக்கம் வந்தது. அது என் அபிப்பிராயம் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அதே சிலிக்கன் வேலியில் இருக்கும் குபெர்டினோவுக்கு வந்தது பள்ளிக்கூடங்களுக்காக. இந்த ஊருக்குப் பெரும்பாலான இந்தியக் குடும்பங்கள் வருவது அதற்காகத்தான். ஆப்பிள் தலைமையகம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத்தான் விசேஷம். சாயங்காலம் 280 நெடுஞ்சாலைக்கு மேலே போகும் மேரி அவென்யூ நடைபாலத்தில் நடந்தால், எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். என்எஸ்எஃப் ஃபெலோஷிப் என்றால் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 37,000 டாலர், 1952இலிருந்து கொடுக்கிறார்கள், குடியுரிமையோ பச்சை அட்டையோ இருக்க வேண்டும். குடியேறியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமென்றே பால் அண்ட் டெய்சி சோரோஸ் ஃபெலோஷிப் என்று ஒன்று, வருஷத்துக்கு 30 பேர், ஆளுக்கு 90,000 டாலர் வரை. ஸ்டான்ஃபோர்டில் நைட்-ஹென்னசி, எந்த நாட்டவரும் போடலாம். இதையெல்லாம் நான் எங்கேயும் தேடிப் படித்ததில்லை. நடைப்பயிற்சியில் காதில் விழுந்தது. இரண்டு, மூன்று மில்லியன் டாலர் வீட்டில் இருந்துகொண்டு, கேட்டால் காசோலை எழுதித்தரக்கூடிய பெற்றோர்கள்தான் உதவித்தொகையின் கடைசித் தேதிகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி. என் காதில் விழுந்தது என்னைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.

கேட்டவர்கள் இல்லாமலில்லை. எங்கள் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் லிங்க்ட்இன்னில் எழுதுவார்கள். “ரெஸ்பெக்டட் மேடம்” என்று தொடங்கி மூன்று பத்தி. பதில் போட்டதில்லை. நேரமில்லை என்பது பொய். அதே போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பேன். பயம்தான். ஒருமுறை பதில் போட்டால் ரெகமெண்டேஷன் கேட்பார்கள், அப்புறம் ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்வார்கள், அப்புறம் வீடு கிடைக்கிற வரை தங்கலாமா என்பார்கள். டெக்சாஸில் நான் இறங்கிய அன்று முன்பின் தெரியாத ஒரு தெலுங்குப் பையன் கார் கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொண்டு போனதும், மூன்று பெண்கள் இருந்த வீட்டின் கூடத்தில் கம்பளத்தின் மேல் படுத்துக் கிடந்ததும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

பதில் போடாமல் தட்ட முடியாத இடம் ஒன்று இருந்தது: அண்ணாச்சி வீடு.

கல்லூரிக்கு எதிரே அண்ணாச்சிக்கு ஜெராக்ஸ் கடை. 1995இல் விண்ணப்பம் போடுகிறவளுக்கு மார்க் ஷீட்டில் தொடங்கி எல்லாம் கட்டுக் கட்டாக நகல் வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலரில் டிடி எடுத்ததிலேயே அப்பாவின் கையிருப்பு கரைந்துவிட்டது. “எம்மா, கொண்டு போ. பொறவு பாத்துக்கிடலாம்” என்று அண்ணாச்சி ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். கிளம்புமுன் அப்பா போய்ப் பாதியைக் கொடுத்தார். மீதியை அவர் வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை சாக்லேட் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சியின் மகள் எம்எஸ்சி இயற்பியல். கெட்டிக்காரி, பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருள் வைப்பது பற்றிப் புராஜெக்ட் செய்தவள். யாரிடமும் கேட்காமல் தானே தேடி அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருந்தாள். 2023 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் இரண்டு பிடிஎஃப் அனுப்பினாள். ஒன்று, நடுமேற்கில் பேர் தெரியாத அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து, பொருளறிவியலில் பிஎச்டி. மற்றது, எல்லாருக்கும் பேர் தெரிந்த ஒன்றிலிருந்து எம்எஸ். “அத்தை, பதினஞ்சாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம். அத்தைட்ட கேட்டு முடிவு பண்ணுன்னு அப்பா சொல்லுதாங்க” என்று எழுதியிருந்தாள்.

ஏப்ரல் 15 எனக்குத் தெரியாத தேதியா? அமெரிக்கப் பட்டமேற்படிப்பு நிறுவனங்கள் பலவும் கையெழுத்திட்ட ஓர் ஏற்பாடு அது. நிதியுதவியோடு இடம் கொடுத்தால், மாணவர் அந்தத் தேதிவரை யோசிக்கலாம். அதற்குமுன் முடிவு சொல்லச் சொல்லி நெருக்கக்கூடாது. எம்எஸ்ஸுக்குக் கட்டணம் கட்டிச் சேருகிறவர்களுக்கு அந்தத் தேதி பெரும்பாலும் பொருட்டே இல்லை. பதினைந்தாம் தேதி என்று ஒரு பெண் எழுதினாலே, அவள் கையில் பணத்தோடு ஓர் இடம் இருக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மகளை நடன வகுப்பில் இறக்கிவிட்டு, ஸ்டீவன்ஸ் கிரீக் புல்வர்டில் ஒரு கடை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி. பிடிஎஃப் இரண்டையும் திறக்கவில்லை. குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினேன்: “எம்மா, பிஎச்டின்னா அஞ்சாறு வருஷம் இழுத்திரும். அதுக்குள்ள வீட்ல கல்யாணம் காட்சின்னு ஆரம்பிச்சிருவாங்க. பேரு உள்ள யுனிவர்சிட்டிக்குப் போ. ஃபண்டிங் இங்க வந்து தேடிக்கிடலாம்.”

கல்யாணம் என்ற சொல்லை நான் சொன்னேன் என்பது இன்னும் எனக்கே நம்பமுடியவில்லை. 1996இல் அதே சொல்லைச் சொன்ன பெரியப்பாவிடம் இரண்டு மாதம் பேசாமல் இருந்தவள் நான். அவள் பதில் உடனே வந்தது: “சரி அத்தை. தேங்க்ஸ் அத்தை.”

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. அதே வாரம் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, குயின்லன் சமுதாயக் கூடத்தில் நடந்த விழாவில் பிள்ளைகளுக்கு ராமானுஜனைப் பற்றிப் பேசினேன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய குமாஸ்தாவுக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருஷம் அதே பல்கலைக்கழகப் பணத்தில்தான் கேம்பிரிட்ஜ் போனார். 1919 ஜனவரியில் உடல்நிலை மோசமாக இருந்தபோது, ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்ததற்கு அவர் எழுதிய பதில் கடிதத்தைச் சொன்னேன். தன் தேவைக்கு அது அதிகம். இங்கிலாந்துச் செலவு போக ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்தச் சொல்லி பதிவாளருக்கு எழுதியிருந்தார். கூட்டம் கைதட்டியது. இரண்டு அம்மாக்கள் வந்து கண் கலங்கிவிட்டது என்றார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. என் கைப்பையில் இருந்த போனில் அந்தப் பிடிஎஃப்கள் திறக்கப்படாமல்தான் கிடந்தன.

அவள் எம்எஸ்ஸுக்கு வந்தாள். அண்ணாச்சி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 42 லட்சம் கடன். படிக்கும்போதே வட்டி ஓடும். வந்து இறங்கியதும் நான் சொன்னபடி ‘ஃபண்டிங் தேடினாள்’. பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல், அறைக்கதவைத் தட்டுவது, எல்லாம். ஆர்ஏ இடங்கள் பிஎச்டி மாணவர்களுக்கு, டிஏவும் அவர்களுக்கே முதலில் என்று துறை விதியே இருந்தது. நூலகத்தில் மணிக்கணக்கு வேலைதான் கிடைத்தது. அவள் தனியாள் இல்லை: 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், 2009க்குப் பிறகு முதல்முறையாகச் சீனாவை முந்திய வருஷம் அது. அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி முதுநிலை மாணவர்கள். ‘வந்து தேடிக்கிடலாம்’ என்ற நம்பிக்கையில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் வங்கிகளில் இருக்கின்றனவோ.

2025 மே மாதம் பட்டம் வாங்கினாள். படித்த துறையில் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி முதலில் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பத் துறைகளுக்கு அதற்குமேல் 24 மாதம். ஆனால் முதல் கட்டத்தில் மொத்தம் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. அந்தக் கெடு முடியும் தறுவாயில் டெக்சாஸில் ஒரு சின்னக் கம்பெனியில் தர ஆய்வு வேலை கிடைத்தது. இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். கடன் தவணை மாதம் 70,000 ரூபாய்க்குப் பக்கம். கட்டிக்கொண்டிருக்கிறாள். நாசமாகிவிடவில்லை. திடநிலை பேட்டரியைப் பற்றி இப்போது பேசுவதில்லை, அவ்வளவுதான்.

வேலை கிடைத்த சேதியைச் சொல்லப் பேசியபோது, பேச்சுவாக்கில் “அந்த பிஎச்டில அஞ்சு வருஷமும் குடுக்கேன்னு எழுதியிருந்தாங்க, இல்லத்தை?” என்றாள். ஆமாம்மா என்றேன். போனை வைத்துவிட்டுப் பழைய உரையாடலைத் தேடினேன். பிடிஎஃப் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி அப்படியே இருந்தது, இறக்கிக்கொள்ளப்படவே இல்லை. அழுத்தினால், கோப்பு இப்போது இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள் என்று வந்தது. கேட்டேன். “போன் மாத்தினதுல போயிருச்சும்மா, அந்த லெட்டரை இன்னொருவாட்டி அனுப்பு” என்று ஒரு பொய்யோடு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறாள்.

இரண்டே பக்கம். கல்விக்கட்டணம் முழுத் தள்ளுபடி. ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர், கோடையில் தனியாக. மருத்துவக் காப்பீடு. முதல் வருஷம் டிஏ, பிறகு ஆர்ஏ. படிப்பில் முன்னேற்றம் திருப்தியாக இருந்தால் ஐந்து வருஷம். ஏப்ரல் 15. தொகையை மாற்றிவிட்டால், 1996இல் எனக்கு வந்த கடிதம்தான் அது. ஒரே ஒருமுறை திறந்திருந்தால் முதல் பத்தியிலேயே புரிந்திருக்கும். கல்யாணம்தான் பிரச்சினை என்றால்கூட, இரண்டு வருஷம் இருந்துவிட்டு எம்எஸ் வாங்கிக்கொண்டு வெளியே வரும் வழி எனக்குத் தெரியும். நானே வந்த வழி. அதைச் சொல்லவேண்டுமானால் நான் விட்டுவிட்டு வந்த கதையைச் சொல்லவேண்டியிருக்கும். காரில் உட்கார்ந்து பேசியபோது இப்படியெல்லாம் கணக்குப் போட்டேனா என்றால், இல்லை. நெடுநாள் பழகிய நாக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சமாதானங்கள் நிறையச் செய்து பார்த்தேன். 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் 48,000 பேர், பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களும் உதவியாளர்களும், உதவித்தொகை வாடகைக்கே போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்களே, பிஎச்டி என்ன சொர்க்கமா என்று ஒன்று. அது பே ஏரியா, லாஸ் ஏஞ்சலஸ் வாடகையின் கதை. நடுமேற்கில் ஒரு சிற்றூருக்கு எப்படிப் பொருந்தும்? 2025இல் அமெரிக்க மத்திய அரசு ஆராய்ச்சிப் பணத்தில் கை வைத்து, பல்கலைக்கழகங்கள் பிஎச்டி சேர்க்கையைக் குறைத்து, என்எஸ்எஃப் ஃபெலோஷிப்பே ஏப்ரலில் 1,000 பேருக்கு, அதாவது வழக்கத்தில் பாதிக்கு, அறிவிக்கப்பட்டபோது, ‘நல்லவேளை, அவள் போயிருந்தால் மாட்டியிருப்பாள்’ என்று கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அடி வாங்கியது பெரும்பாலும் புதிதாகச் சேர இருந்தவர்கள் என்பது அவருக்கும் தெரியும். 42 லட்சத்தை நோகாமல் மிச்சப்படுத்த இந்தியாவிலேயே வழி இருந்தது என்பதுகூட நான் அப்போது நினைத்துப் பார்க்காதது: ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023இல் மாதம் 37,000 ரூபாய் ஆனது, பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் 70,000 ரூபாயில் தொடங்குகிறது. ஐஐஎஸ்சி, ஐஐடி என்று அவள் தகுதிக்கு முயன்றிருக்கலாம். அமெரிக்காவைத் தவிர வேறொன்றை யோசனையாகச் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை.

திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். போன அக்டோபரில் எங்கள் தெருவில் ஒருவருடைய மகள் சோரோஸ் ஃபெலோஷிப் கட்டுரையைப் பார்த்துத்தரச் சொன்னாள். அவளுடைய அப்பா என் துறையில் பெரிய பதவியில் இருப்பவர். ஒரு மணி நேரத்தில் வரிவரியாகத் திருத்தி அனுப்பினேன். அதே வாரம் எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். அப்பா கூலி வேலை, பட்டியல் வகுப்பு, வெளிநாட்டில் எம்எஸ் படிக்க வழி உண்டா என்று. இந்திய மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இலிருந்தே இருக்கிறது, வருஷத்துக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் வகுப்பினருக்கு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டம் வேறு. அவனுக்கு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விவரங்களைத் தேடினேன். அவனுக்கு எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

தீபாவளிக்கு அண்ணாச்சி மகள் கூப்பிட்டாள். அண்ணாச்சிக்கு முட்டிவலி, கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார், இப்படி ஊர்ப் பேச்சு. நடுவில், நான் கேட்காமலே, “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க அத்தை. எனக்கு நேரம் அப்படி” என்றாள். நான் கடிதத்தைப் படித்துப் பார்த்து, யோசித்து, அவள் நன்மைக்காகச் சொன்ன யோசனை அது என்று இன்னும் நம்புகிறாள். அண்ணாச்சியும் அப்படித்தான் நம்புகிறார். நான் திருத்தவில்லை. “கவலைப்படாதம்மா, எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் நேரே சொல்ல வேண்டியதை முதலில் இங்கே எழுதியிருக்கிறேன். அவள் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை, அண்ணாச்சி படிப்பார்.